நாற்பத்தேழாம் கொக்கி

பொக்லைனின் இரும்புப் பல்லில் ஒரு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்தது.

ஹெல்மெட்டுக்குள் மண்டையோடு இருந்தது!

பொக்லைன்காரர் எஞ்சினை அணைத்தார். இறங்கி, குழியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். கத்தவில்லை. ஓடவில்லை.

அவருக்குப் பட்டப்பெயர் பூட்டு. வாய் திறப்பது அவ்வளவு அபூர்வம்.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் வந்துவிட்டார்கள்.

ஒருகாலத்தில் அங்கே நிலக்கரிச் சுரங்கம். வானம் பார்த்த பெரும் பள்ளம். கரி தீர்ந்ததும் மண்ணைக் கொட்டி மூடி, நிரவி, புல் விதைத்துவிட்டார்கள். வேலையில் செத்தவர்களுக்காக இப்போது அந்தப் புல்வெளியில் ஒரு நினைவுத்தூண். பதினொரு பெயர்கள் செதுக்கிய கருங்கல் லாரியில் காத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஹெல்மெட்டைத் துடைத்தார். வெள்ளைப் பெயின்ட்டில் 47.

சுரங்க மேனேஜருக்கு வியர்த்தது.

"சார், இந்த ஆளு இங்க இருக்க வாய்ப்பே இல்ல."

"இருக்கானே."

லாரியில் சாய்த்து வைத்திருந்த பழைய மரப்பலகையை மேனேஜர் காட்டினார். வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை டோக்கன்.

"தூண் பக்கத்துல வைக்கக் கொண்டாந்தோம். வேலைக்கு இறங்கறவன் தன் நம்பர் டோக்கனை எடுத்துக்குவான். மேல வந்ததும் மாட்டிடுவான். கொக்கி காலியா இருந்தா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம். இருபத்திரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள், மதியம் ஒன்றரைக்கு மண்மேடு சரிஞ்சுது. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் எண்ணினோம். எல்லா டோக்கனும் இருந்துது. நாப்பத்தேழும்தான்."

"அதனால தேடல?"

"எதுக்குத் தேடணும்? ஆனா அவன் வீட்டுக்கும் போய்ச் சேரல. பெத்துப் பத்து நாளான பொண்டாட்டியை விட்டுட்டு எவளோடயோ ஓடிட்டான்னு ஊரே சிரிச்சுது. அதான் கல்லுல அவன் பேரு இல்ல."

"இவ்வளவு பக்கத்துலயா சார் ஓடினான்?" என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மேலே வந்தவன் பத்தடி ஆழத்தில் கிடக்கிறான் என்றால்... கொன்று கொண்டுவந்து போட்டவன் ஒருவன் இருக்கவேண்டும்.

"தூணுக்கு முளை அடிச்சது எங்க?"

மேனேஜர் கை நீட்டினார். நாற்பது அடி தள்ளி!

ஏட்டு காதோடு கிசுகிசுத்தார். "பூட்டும் நாப்பத்தேழும் உயிர்த்தோழனுங்க சார். ஆனா அவன் காணாமப் போனதுலேருந்து இவரு அந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல."

இன்ஸ்பெக்டர் பூட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பெரியவரே, முளை அங்க இருக்கு. குழி இங்க இருக்கு."

பூட்டு குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பள்ளம் இருந்த சுவடே இல்ல. இடம் எப்படித் தெரிஞ்சுது?"

"பழைய பம்ப் ஹவுஸ்லேருந்து நூத்திப்பத்து தப்படி. அன்னிக்குச் சரிஞ்ச இந்த மண்ணை டோசர்ல நெரவினது நான்தான்."

"கொன்னதும்?"

புல்மேல் காற்று போய் வந்தது.

"ஆமா."

"எப்படி?"

"டோக்கனை மாட்டி."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். ஆள் விட்டு ஏட்டு வரவழைத்த நாற்பத்தேழின் மனைவி. தையல்கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

பூட்டு அவளைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தே பேசினார்.

"ஒரு மணிக்கு நைசா வீட்டுக்குக் கெளம்பறேன், ரெண்டு மணிக்கு என் டோக்கனையும் மாட்டிடுன்னான். கேட்டது அவன்தான். போயிட்டான்னுதான் நெனச்சு மாட்டினேன். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனா... இந்தத் தங்கச்சி வாசல்ல நிக்குது. எங்கண்ணே அவருன்னு கேக்குது. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

"கெளம்பினவன் மண்ணுக்குள்ள எப்படிச் சிக்கினான்?"

ஏட்டு ஒரு ஸ்டீல் டப்பாவை நீட்டினார். எலும்புகளோடு கிடைத்தது. நெளிந்திருந்த மூடியை இன்ஸ்பெக்டர் நெம்பினார். உள்ளே பிளாஸ்டிக் கிலுகிலுப்பை ஒன்று. நிறம்கூட மங்கவில்லை.

"பள்ளத்து மேல்படியில இருந்த சாப்பாட்டுக் கொட்டகையில மறந்து வச்சுட்டுப் போயிருக்கான்," என்றார் பூட்டு. "எடுக்கத் திரும்பி வந்திருக்கான்."

அவள் அதை வாங்கினாள். ஆட்டினாள். அது சத்தம் போட்டது.

"பொய்," என்றாள்.

"என்னம்மா பொய்?"

"டோக்கனை மாட்டச் சொன்னது அவரு இல்ல. நான். காலையில வாசல்ல நின்னு கேட்டேன். அண்ணே, புள்ளைக்கு மேலு சுடுது, அவரைச் சீக்கிரம் அனுப்பிடுங்க, டோக்கனை நீங்க பாத்துக்கங்கன்னு."

பூட்டின் தலை இன்னும் தாழ்ந்தது.

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?"

"கூப்பிட்டு அனுப்பியும் வராத புருஷன்னு எந்த வாயால சொல்றது?"

இன்ஸ்பெக்டர் பூட்டைப் பார்த்தார். "நீங்க?"

"சொன்னா, தங்கச்சி கூப்பிட்டுத்தான் அவன் செத்தான்னு ஆயிடும் சார். பச்ச உடம்பு. தாங்காது. ஓடிட்டான்னா... திட்டிக்கிட்டாவது உயிரோட இருக்கும்."

"இப்ப ஏன் தோண்டினீங்க?"

"கல்லுல பதினொரு பேரு. அவன் அடியில கெடக்கான். மேல அவன் பேரு இல்ல."

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "ரெக்கார்டுபடி அவரு வெளிய போனவரு..."

அவள் பலகையிடம் போனாள். நாற்பத்தேழாம் டோக்கனைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கொக்கி காலி. ஆளு உள்ள இருக்காரு. பேரை வெட்டுங்க."

மேனேஜர் தலையாட்டினார்.

"என்ன செக்ஷன் சார் போடறது?" என்றார் ஏட்டு. இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார்.

அவள் பூட்டின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "உங்களையும்தான் திட்டினேன்ணே. கூட்டாளியை அனுப்பி வச்சுட்டு, அன்னிக்கு அப்புறம் எட்டிக்கூடப் பாக்கலையேன்னு."

ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

"பரிசோதனை முடிஞ்சு ஒப்படைக்க ரெண்டு மூணு நாள் ஆகும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் அனுப்புங்க சார். ஒரு மணிக்கு வரவேண்டிய மனுஷன். இருபத்திரெண்டு வருஷம் ஓவர்டைம் பாத்தாச்சு!"