மூன்றாம் பாய்ச்சலில் சத்தம் இல்லை

மூன்றாம் பாய்ச்சலின் சத்தம் கேட்கவில்லை.

வளைவுக்கு முன்பே காதை அடைக்கிற சத்தம் அது. பத்தொன்பது வருஷமாக இந்த ஆற்றில் படகு விடுகிற படகோட்டிக்கு, கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த இரைச்சலை வைத்தே பாறை எங்கே, பள்ளம் எங்கே என்று சொல்லத் தெரியும். இன்று வளைவும் திரும்பியாயிற்று. எதிரே இரண்டு பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் வெள்ளைவெளேரென்று நுரைத்து விழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. துடுப்பின் நுனியிலிருந்து சொட்டுகிற நீர் படகின் மேல் விழுவது கேட்டது. தன் மூச்சு கேட்டது. ஆக, காதில் கோளாறு இல்லை.

கரையோரம் நீர் தேங்கிய இடத்தில் படகை ஒதுக்கினான். ஒற்றையாள் படகு, இடுப்புவரை உள்ளே. கூட யாருமில்லை. மேலே கொண்டுவந்து இறக்கிவிட்ட ஜீப் டிரைவர்கூடத் தடுத்துத்தான் பார்த்தான்.

“தனியாப் போகாதீங்கண்ணே. தேடுறவங்களே கைய விரிச்சுட்டாங்க.”

“அவங்களுக்கு அவன் ஒரு ஆளு. எனக்கு மச்சினன்டா.”

“சரி, அஞ்சு மணிக்குக் கீழ்ப்பாலத்துல நிப்பேன். கால் மணி நேரம் தாண்டுனா உங்க டீயையும் நானே குடிச்சிடுவேன், சொல்லிட்டேன்” என்று சிரிக்கப் பார்த்தான். பாதியிலேயே சிரிப்பு நின்றுபோனது.

மச்சினன் காணாமல் போய் எட்டு நாள். கால் தரையில் நிற்காது, எந்நேரமும் தண்ணீர்தான் என்பதால் எல்லோருக்கும் அவன் நீர்க்கோழி. ஏழு நாளும் படகோட்டியின் மனைவி தட்டில் சோற்றை வைத்தாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை, அவன் செருப்பை மாட்டும்போது, முதுகுக்குப் பின்னால் சொன்னாள்: “என் தம்பியக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நீங்களும் வர வேண்டாம்.” உயிரோடு என்று அவள் கேட்கவில்லை. அந்த ஆசையை அவளும் விட்டிருந்தாள். எப்படியாவது ஒரு உடம்பு. வீட்டுக் கூடத்தில் கிடத்தி அழுவதற்கு.

தண்ணீரில் வேலை செய்கிறவர்களுக்கு வாய் உதவாது. இரைச்சலில் யார் பேச்சு யார் காதில் ஏறும்? உள்ளங்கையால் ஹெல்மெட்டின் உச்சியைத் தட்டிக் காட்டினால், நான் நன்றாக இருக்கிறேன், நீ போ என்று அர்த்தம். எட்டு நாளுக்கு முன் சுற்றுலா வந்த ஆறு பேரை ஏற்றிய ரப்பர் படகு இவன் கையில். பின்னால் ஒற்றையாள் படகில் காவலுக்கு நீர்க்கோழி. பாய்ச்சலைத் தாண்டியதும் இவன் திரும்பிப் பார்த்தான். பாறைகளுக்கு நடுவே, நுரைக்கு மேல், ஒரு தலையும் ஒரு கையும். கை ஏறி இறங்கித் தலையைத் தட்டியது. ஒரு தரம் இல்லை, விடாமல். குறும்பு பண்ணுகிறான் பயல் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மூன்றாம் நாள் பாயில் புரண்டபோதுதான் விளங்கியது. பாறை இடுக்கில் மாட்டியவனின் தளர்ந்த கையைத் தண்ணீர் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. தட்டியது நீர்க்கோழி இல்லை. ஆறு. இதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் “கையைக் காட்டினான்” என்றதோடு சரி.

வந்தது வந்தாயிற்று. படகைப் பாய்ச்சலுக்குள் விட்டான். நுரை முகத்தில் அறைந்தது, படகின் மூக்கு பள்ளத்தில் குத்தி எழுந்தது, பக்கத்துப் பாறை தோளை உரசிக்கொண்டு போனது, இத்தனையும் பஞ்சுக்குள் நடப்பதுபோல ஓசையே இல்லாமல் நடந்தது. ஈரத் துணியை நாள்கணக்கில் மூட்டையாகக் கட்டிவைத்தால் வருமே, அந்த வாடை மட்டும் குப்பென்று ஏறியது. இடுக்கில் பார்த்தான். யாருமில்லை.

கீழே மடு. அகலமான, கறுத்த, அசையாத நீர். மேகம் மூடிய பகல் வெளிச்சத்தில் கண்ணாடி போட்டதுபோல் கிடந்தது. கரையில் ஒரு பறவை இல்லை. ஒரு பூச்சி இல்லை.

“மாப்ளே” என்று கூப்பிட்டான். பாறைச்சுவர் எப்போதும் திருப்பிச் சொல்லும். சொல்லவில்லை. “டேய், மாமா வந்திருக்கேன்டா. வீட்டுக்குப் போலாம். அக்கா ஒன்னத் தேடுறா.”

படகின் அடியில், தொடைக்கு நேர் கீழே, தட்.

மரக்கட்டை என்று நினைத்தான். நினைக்க ஆசைப்பட்டான்.

தட். தட். ஏறி இறங்கும் கை. அதே நிதானம்.

“நான் பார்த்தேன்டா” என்றான். “பார்த்துட்டுத்தான் போனேன். தெரியலடா எனக்கு.”

தட்டுவது நின்றது.

துடுப்பை மடிமேல் கிடத்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கன்னத்தில் காற்று பட்டது. காற்று இல்லை. படகு நகர்கிறது. அவன் துடுப்பு வலிக்கவில்லை.

குனிந்தான்.

தண்ணீரில் படகின் பிம்பம். அதில் ஓர் ஆள். மேலே அவன் துடுப்பு மடியில் கிடந்தது. கீழே இருந்தவனின் துடுப்பு கிடக்கவில்லை.

குட்டையான, அவசரமான வீச்சு. தோளை ஒரு பக்கம் சாய்த்து. நீர்க்கோழி அப்படித்தான் வலிப்பான்.

படகின் மூக்கு திரும்பியது. ஓட்டத்துக்கு எதிராக. மேலே, பாய்ச்சலை நோக்கி.

பாறைகளுக்கு நடுவே நுரை விலகியிருந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு. உள்ளே இருட்டு.

இடது. வலது. இடது.