ஐந்தாவது கையெழுத்து

கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். வரவுத்தாளில் ஐந்து கையெழுத்துகள் இருந்தன.

எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகுதான் ஜெசிந்தினி அதைக் கண்டாள். முன்னறையில் பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தவள், மேசையில் விரிந்து கிடந்த கூட்டறிக்கைப் புத்தகத்தைத் தற்செயலாகப் பார்த்தாள். தலைவர் இரகுநாதன், பொருளாளர் றவூப், உறுப்பினர் செல்வநாயகி, செயலாளர் அவள். கடைசி வரியில் இராயப்பன். அவரைப் புதைத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இரகுநாதனைத் தவிர வேறு யார் இந்த வேலையைச் செய்யப்போகிறார்?

ஹல்துமுல்லைக்குக் கீழே, தேயிலை மலையின் ஓரத்தில் நாற்பது வீடுகள் கொண்ட திட்டம் அது. தோட்ட லய அறைகளில் பிறந்தவர்களுக்கு முதன்முறையாகச் சொந்தச் சுவர், சொந்த வாசல். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குடியிருப்பாளர் சங்கம், அதற்கு ஏழு பேர் கொண்ட நிர்வாக சபை. ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பூட்டுப் போடுவதா வேண்டாமா என்ற சண்டையில் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். மீதி ஐந்து பேரில் ஒருவர் தடுமல் என்று படுத்தாலும் குறைந்தபட்ச எண்ணிக்கையான கோரம் இல்லை, கூட்டமும் இல்லை.

இராயப்பன் மட்டும் ஒரு கூட்டத்தையும் தவறவிடாதவர். மேல்வரிசையின் கடைசி வீடு அவருடையது, அதற்கு முந்தியது ஜெசிந்தினியுடையது. இரண்டு வீட்டுக்கும் பின்னால் மலையைத் தாங்கி நின்றது ஒரே கற்சுவர். அது வயிறு தள்ளுகிறது, இடுக்குகளில் சேற்றுத் தண்ணீர் வருகிறது என்று மூன்று கூட்டங்களில் எழுந்து சொன்னார். மூன்று முறையும் 'அடுத்த கூட்டத்தில் ஆராயப்படும்' என்று எழுதியது ஜெசிந்தினியின் கை.

நவம்பர் மழையில் நடந்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. சுவருக்கு ஆபத்தில்லை என்று சங்கம் தீர்மானம் எழுதிக் கொடுத்தால்தான் வீட்டு உறுதிப் பத்திரங்கள் கிடைக்கும் என்றிருந்த நேரம். கோரத்துக்கு ஒரு ஆள் குறைந்தது.

"இராயப்பன்ரை கையெழுத்தை நீர் போட்டுவிடும், பிள்ளை," என்றார் இரகுநாதன். "பேந்து ஆளுக்குச் சொல்லுவம்."

போட்டாள். வழிமொழிந்தவர் என்றும் அவர் பெயரையே எழுதினாள். உறுதியில் தன் பெயரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு அவ்வளவு இருந்தது. அந்தக் கூட்டம் தொடங்கியது மூன்றரைக்கு. சுவரின் ஒரு பாதி அதற்கு முன்பே இராயப்பனின் வீட்டுக்குள் இறங்கிவிட்டிருந்தது. மழை இரைச்சலில், கீழே சங்க மண்டபத்தில் இருந்த எவருக்கும் அது கேட்கவில்லை. சேற்றுக்குள்ளிருந்து எடுத்த அவருடைய கடிகாரம் மூன்று பத்தில் நின்றிருந்தது.

மண்டபத்துக்குள்ளும் சேறு புகுந்ததால் கூட்டங்கள் ஜெசிந்தினியின் வீட்டுக்கு வந்தன. மறுபாதிச் சுவர் இன்னும் அவள் சமைக்கும் குசினிக்குப் பின்னால்தான் நின்றது. வீட்டைவிட்டுப் போனால் தீர்மானம் பொய் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். கணவன் கட்டாரில். மகள் ரொஷானியைப் பண்டாரவளையில் அக்கா வீட்டில் விட்டிருந்தாள். கேட்டவர்களிடம், பாடசாலைக்குக் கிட்ட என்று சொன்னாள்.

சட்டத்தரணியின் கடிதம் அந்த வாரம்தான் வந்தது. இராயப்பனின் தங்கை றீட்டா அனுப்பியிருந்தாள். பதினான்கு நாட்களுக்குள் கூட்டறிக்கைப் புத்தகத்தைத் தராவிட்டால் நிர்வாக சபையினர் ஒவ்வொருவர் மீதும் வழக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் றீட்டாவே அவளை நிறுத்தினாள்.

"அண்ணன் கையெழுத்து எனக்குத் தெரியும் டீச்சர். கடைசியில ஒரு புள்ளி வைப்பாரு, தாளே ஓட்டையாயிரும். அந்த நவம்பர் பக்கத்த மட்டும் காட்டுங்க, போதும்."

வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தாள். நவம்பர் கையெழுத்தில் புள்ளி இல்லை. புதிய கையெழுத்தில் இருந்தது, தாளைத் துளைத்துக்கொண்டு.

இப்போது அவளுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. செத்தவர் பெயரில் கையெழுத்து வைப்பதே இவள் வழக்கம் என்று நீதிமன்றத்தில் காட்டி, இரகுநாதன் தப்பப் பார்க்கிறார். சிறைக்குப் போகப்போவது அவள், பாலர் பாடசாலை வேலையை இழக்கப்போவதும் அவள். புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் செபமாலையோடு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் புத்தகத்தை அவளே ஏந்திப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். நான்கு. எண்ணிப் பார்த்து மூடினாள். அவர்கள் போனதும் திறந்தாள். ஐந்து. விரலால் தொட்டபோது மை ஈரமாக இருந்தது. விரல் நுனியில் செம்மண் ஒட்டியது. சுவரோரக் கதிரையின் இருக்கையில் தண்ணீர் தேங்கி, பச்சை மண்ணும் அழுகிய வேரும் கலந்த வாடை அடித்தது. இரகுநாதனைத் தொலைபேசியில் அழைத்து, எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டாள்.



"என்ன கதைக்கிறீர், பிள்ளை? ஐஞ்சு பேர் இருந்தம்தானே. நான் எண்ணிப்போட்டுத்தானே கூட்டத்தைத் தொடங்கினனான்."

கெடு முடிவதற்கு முதல்நாள், மீண்டும் ஒரு ஞாயிறு. நவம்பர் பக்கத்தை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதுவோம், மூன்றரைக்கு வருகிறோம் என்று இரகுநாதன் செய்தி அனுப்பியிருந்தார். இரண்டு நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தேயிலையும் இல்லை, பாதையும் இல்லை, மூடுபனி மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. கூரைத் தகரத்தில் சொட்டும் ஓசைக்குக் கீழே இன்னொரு ஓசை, குசினிக்குப் பின்னாலிருந்து, யாரோ வாய் கொப்பளிப்பது போல விட்டுவிட்டு வந்தது. கேட்காத மாதிரி நான்கு கதிரைகளைப் போட்டாள். அலுமாரியைத் திறந்தாள். பிளேடோடு உட்கார்ந்தாள்.

நவம்பர் பக்கத்தைத் தேடிப் புரட்டியபோது, கடைசிக் கூட்டத்துக்கு அடுத்து வெறுமையாக இருக்க வேண்டிய பக்கம் நிறைந்திருந்தது.

அன்றைய திகதி. இடம்: செயலாளர் இல்லம். ஆரம்பம்: மூன்று முப்பது.

அவளுடைய உருண்டை எழுத்து. அவள் எழுதவில்லை.

தீர்மானம்: மேல்வரிசைச் சுவர் பார்வையிடப்பட்டது. ஆபத்தில்லை. முன்மொழிந்தவர், இராயப்பன். வழிமொழிந்தவர், ஜெசிந்தினி.

வரவு. ஒரேயொரு கையெழுத்து. அவளுடையது. அதன் முடிவில் ஒரு புள்ளி. தாளில் ஓட்டை. ஓட்டையிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்தது.

கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஒன்பது.

எழுந்தாள். கதவுக்கு நான்கு அடி. கதவுக்கு முன்னால் ஒரு கதிரை. அவள் போட்டது நான்கு. இது ஐந்தாவது.

அதில் அவர் இருந்தார். கால்கள் முழங்கால்வரை சேறு. மடியில் கைகள். கூட்டத்தில் தன் முறை வருவதற்காகக் காத்திருக்கும் அதே அடக்கம்.

"அண்ணே," என்றாள். "நா எல்லாத்தையும் சொல்லிர்றேன். றீட்டாகிட்ட சொல்லிர்றேன்."

மூன்று கூட்டங்களில் எழுந்தது போலவே, இராயப்பன் மெதுவாக எழுந்தார். சபைக்கு வணக்கம் சொல்வது போலத் தலையைக் குனிந்தார். பேசுவதற்கு வாயைத் திறந்தார்.

செம்மண் வந்தது. வாயிலிருந்து, நிற்காமல், தரையெல்லாம் பரவி அவள் பாதத்தைத் தொட்டது. குளிர்ந்திருந்தது.

குசினிக்குப் பின்னால் ஒரு கல் விழுந்தது. பிறகு இன்னொன்று.