துரைக்குத் தண்ணீர் வேண்டாம்

அன்று விடிகாலை கேட்டருகே நின்றிருந்த வாட்ச்மேன் மேல் வாசனையே இல்லை.

துரை முதலில் தன் மூக்கைத்தான் சந்தேகப்பட்டது. முந்தின இரவு இடியும் மழையும் வெளுத்து வாங்கிவிட்டன. பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சுக்கு அடியில், வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு விடிய விடிய நனைந்து கிடந்ததில் சளி பிடித்திருக்கலாம். ஒரு தும்மல் போட்டுவிட்டு மறுபடி மோந்து பார்த்தது. மூக்கில் ஒரு கோளாறும் இல்லை. கேட்டின் ஈரத் துரு வந்தது, முதல் மாடியில் யாரோ கருகவிட்ட ரொட்டி வந்தது, எதிர் வீட்டுக் கார் டயரில் எவனோ ஒரு வேற்றுத் தெருக்காரன் காலைத் தூக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது வந்தது. நடுவில், அந்தக் காக்கிச் சட்டை நின்ற இடத்தில் மட்டும், ஆள் உயரத்துக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

மூஞ்சி அவர் மூஞ்சிதான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடையும் அவருடையதுதான். கையில் அதே தடி. ஆனால் முட்டி வலிக்கு அவர் தேய்த்துக்கொள்ளும் தைலம் எங்கே? பீடி எங்கே? துவைக்காத கம்பளியும் பழைய வேர்வையும் கலந்து, நாலு தெரு தள்ளி நின்றாலும் 'நம்ம ஆள்' என்று சொல்லுமே, அது எங்கே? கல்லுக்கு வாசனை உண்டு, கண்ணாடிக்கு உண்டு. ஒன்றுமே இல்லாத எதையும் துரை தன் ஏழு வருஷத்தில் சந்தித்ததில்லை.

"ச்சூ... வா" என்றான் அந்த ஆள். குரல்கூட அவர் குரல்தான்.

துரையின் முதுகுமயிர் குத்திட்டு நின்றது. அவர் ஒருநாளும் 'ச்சூ' என்று கூப்பிட்டவர் இல்லை.

பெரிய நகரத்தில் ஒரு தெருநாய் ஏழு வருஷம் உயிரோடு இருப்பது சும்மா இல்லை. சிக்னலில் மனிதர்கள் நிற்கும்போது நின்று, நடக்கும்போது நடக்கத் துரைக்குத் தெரியும். ஹோட்டல் பின்வாசலில் எந்தச் சமையல்காரன் எலும்பு போடுவான், எவன் வெந்நீர் ஊற்றுவான் என்பது அத்துப்படி. நாய் பிடிக்கிற வண்டியின் எஞ்சின் சத்தம் மூன்று தெருவுக்கு அப்பால் கேட்டாலே ஆள் மாயமாகிவிடும். ஒரு தடவை மாட்டியதற்கு அடையாளமாக இடது காது நுனி வெட்டுப்பட்டிருந்தது. இரண்டாம் தடவை வலை தலைக்கு மேலே விரிந்தபோது, இந்தக் கேட்டிலிருந்து வாட்ச்மேன் இழுத்து இழுத்து ஓடிவந்து நடுவில் நின்றார்.

"ஏய், ஏய், இது எங்க பில்டிங் ஸ்டாஃப்புப்பா. கைய வைக்காதே!"

அன்றிலிருந்து துரைக்கு வேலை கிடைத்தது. பெயரும் அன்று வைத்ததுதான். "பகல் பதினோரு மணிக்குச் சோம்பல் முறிச்சுக்கிட்டு எந்திரிக்கிறான். துரைன்னு கூப்பிடாம வேற என்னன்னு கூப்பிடறது?" என்று இரண்டாம் மாடி டீச்சரம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இருட்ட ஆரம்பித்ததும் தடியால் தரையில் இரண்டு தட்டு. டொக், டொக். "துரை, டூட்டி!" எந்தக் குப்பைத்தொட்டியில் தலைவிட்டிருந்தாலும் துரை பறந்து வந்துவிடும். இருவரும் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றிவந்து, ஆளுக்குப் பாதி ரொட்டி தின்பார்கள். துரை டூட்டிக்கு மட்டம் போட்டது ஒரே ஓர் இரவுதான். இடிக்குப் பயந்து, அந்த மழை இரவில்.

அந்த ஒரு இரவில் இங்கே என்னமோ நடந்திருக்கிறது.

அவரைத் தேடிக்கொண்டு துரை அன்று பகல் முழுக்க அலைந்தது. பீடி வாங்கும் பெட்டிக்கடை, முடி வெட்டும் கடை, அவர் ஊருக்குப் போக ஏறும் பஸ் நிற்கும் இடம் எல்லாம் போய் மோந்தது. பழைய வாசனைகள்தான் கிடந்தன, மழையில் கரைந்து, நேற்றைக்கு முந்தைய நாளோடு முடிந்துபோய். மாலையில் கட்டடத்துக்கே திரும்பி வந்து, சுற்றுச்சுவர் ஓட்டை வழியாக நுழைந்து, அவரோடு சுற்றிய அதே சுற்றைத் தனியாகச் சுற்றியது. பின்பக்கம் இல்லை. மாடிப்படிக்கு அடியில் இல்லை. கேட்டுக்கு உள்ளே, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி பதித்த இடத்துக்கு வந்ததும் கால்கள் தாமாக நின்றன.

மூடியின் விளிம்பில், ஒரு மயிரிழைச் சந்தில், தைலம். பீடி. கம்பளி. அவற்றோடு, துரை அவரிடம் ஒருநாளும் மோந்திராத ஒன்று: பயந்த மனிதனின் வேர்வை, புளித்துப்போய்.

துரை கத்திக்கொண்டே மூடியைப் பிறாண்டியது. நகம் பெயர்ந்தது. பிறாண்டுவதை நிறுத்தித் தலையைத் திருப்பினால், அந்த ஆள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வந்த சத்தம் கேட்கவில்லை. வாசனை வருகிற பேச்சே இல்லை. அவன் விரட்டவில்லை, தடியை ஓங்கவில்லை. சாவகாசமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து மூடியின் மேல் போட்டு, உட்கார்ந்துகொண்டான்.

துரைக்கு இந்த உலகத்தில் இன்னும் ஓர் ஆள் பாக்கி இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்த டீச்சரம்மாவின் சேலை நுனியைப் பல்லால் பிடித்து, கிழியாதபடி பதமாக, மூடியைப் பார்க்க இழுத்தது.

"என்னடா செல்லம்? என்னத்தக் காட்டறே?" டீச்சரம்மா நாலு எட்டு வந்தாள். நல்ல மனசு. மூடிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். "அண்ணே, தொட்டிக்குள்ள எலி கிலி விழுந்திருக்குமோ? துரை இப்படித் தவிக்குது?"

"துரையா?" என்றான் அந்த ஆள். கொஞ்சம் நிறுத்தி, வாயில் போட்டுச் சுவைத்துப் பார்க்கிற மாதிரி மறுபடி சொன்னான். "ஆமா. துரை. காலைலயே மூடியத் தெறந்து பார்த்துட்டேன்மா. ஒண்ணுமில்ல."

"அதான் அண்ணன் பார்த்துட்டாராமேடா. போ, போய் விளையாடு" என்று துரையின் தலையைத் தட்டிவிட்டு டீச்சரம்மா மாடிக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷம் பழகியவளுக்கு இது தெரியவில்லையே!

மறுநாள் காலை கட்டடத்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். குளித்து, தலைவாரி, அவசர அவசரமாக. துரை சுவரோரம் படுத்திருந்தது. முதல் ஆள் கடந்துபோனதும் தலையைத் தூக்கியது. இரண்டாம் ஆள். மூன்றாம் ஆள். சோப்புக்கு அடியில், பவுடருக்கு அடியில், எல்லார் தோலிலும் எல்லார் தலைமுடியிலும் அவர் இருந்தார். தைலம், பீடி, கம்பளி. அது மட்டுமில்லை. நேற்று இருந்த பயம் இன்று இல்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்திருந்தது. அடிபட்டு ரோட்டோரம் கிடக்கிறவற்றிலிருந்து இரண்டாம் நாள் கிளம்புமே, அது.

"குழாய்த் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதே" என்று யாரோ கேட்டார்கள். "புது பைப் போட்டா அப்படித்தான் சார், ரெண்டு நாள்ல போயிடும்" என்று கார் கதவைச் சாத்தினார் கட்டடத்துச் செக்ரட்டரி. அவர் சட்டையிலிருந்தும் வந்தது.

டீச்சரம்மா வழக்கம்போல் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து துரைக்கு முன்னால் வைத்தாள். துரைக்கு நல்ல தாகம். நாக்கை நீட்டிக்கொண்டு குனிந்தது.

கிண்ணத்துக்குள் அவர்.

துரை அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, வாயில் நுரை கட்டியது. டீச்சரம்மா திகைத்து நின்றாள். அதே நேரம் அவள் மகள், பள்ளிக்கூடப் பையும் தோளுமாக, தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள். இவ்வளவு சின்ன பிள்ளை. எத்தனை பிஸ்கட் போட்ட கை. துரை யோசிக்கவே இல்லை, ஒரே தாவாகத் தாவிப் பாட்டிலைத் தட்டிவிட்டது. பாட்டில் உருண்டது. பிள்ளை விழுந்தாள். முழங்கையில் துரையின் நகம் பட்டு ஒரு சிவப்புக் கோடு.

"ஐயோ, எம் பிள்ள!"

செருப்பு பறந்து வந்தது. கல் வந்தது. முந்தாநாள்வரை ரொட்டி போட்ட கைகள்தான் எல்லாம். ஓடும்போது துரையின் காதில் அந்த ஆளின் குரல் நிதானமாக விழுந்தது. "தண்ணியப் பார்த்து மிரளுது பாருங்க. வாயில நுரை வேற. வெறி பிடிச்சிருச்சும்மா. வண்டிக்குச் சொல்லிடறது நல்லது."

மூன்றாம் நாள் நடுப்பகலில் வண்டி வந்தது. எஞ்சின் சத்தம் அடுத்த தெருவில் கேட்டபோதே துரை கடைத்தெருவில் நின்ற லாரிக்கு அடியில் புகுந்துவிட்டது. அங்கே பட்டப்பகலிலும் இருட்டு. ஆயில் சொட்டுகிற சத்தம். நாக்கு ஒட்டிக்கொண்டது. வலைக்காரர்களின் கால்கள் இந்தப் பக்கம் நாலு தடவை போயின, அந்தப் பக்கம் நாலு தடவை வந்தன. ஒருவருக்கும் தெரியவில்லை. இன்னும் அரைமணி நேரம் அசையாமல் கிடந்தால் தப்பித்துவிடலாம்.

டொக். டொக்.

துரையின் காது எழுந்தது.

"துரை... டூட்டி!"

டீச்சரம்மாவின் குரல். அந்த இரண்டு வார்த்தையை அவரைத் தவிர யாரும் சொன்னதில்லை, அந்த ஆளுக்கு அது தெரியவே தெரியாது. பால்கனியில் நின்று தினம் கேட்டவள் டீச்சரம்மா ஒருத்திதான். அப்படியென்றால் அவளுக்குப் புரிந்துவிட்டது. மூடியைத் திறந்துவிட்டார்கள். அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். அதற்குத்தான் கூப்பிடுகிறாள்!

துரை வெளியே வந்தது. ஓடியது. கடைத்தெரு, சந்து, பேப்பர் கடை. வால் தானாக ஆடியது. கேட்டுக்கு வெளியே டீச்சரம்மா நின்றிருந்தாள். கையில் அவருடைய தடி. கண்ணெல்லாம் கலங்கி.

"வாடா கண்ணா. வா."

வந்தது. அவள் காலில் முகத்தை வைத்துத் தேய்த்தது. அப்போதுதான் அவளுக்குப் பின்னால் பார்த்தது. நாற்காலி மூடியின் மேலேயே இருந்தது. அந்த ஆளும் நாற்காலியிலேயே இருந்தான்.

மேலேயிருந்து வலை விழுந்தது.

துரை கடிக்கவில்லை. கத்தவும் இல்லை. டீச்சரம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டே கிடந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தடியை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டாள்.

வண்டிக்குள் தூக்கிப் போட்டார்கள். கம்பிக் கதவைச் சாத்தினார்கள். டீச்சரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. வாசல் குழாயில் கிண்ணத்தை நிரப்பி எடுத்துவந்து, "கடைசியா ஒரு வாய் தண்ணியாவது குடிக்கட்டுங்க" என்று வலைக்காரனிடம் கெஞ்சினாள். கம்பிக்கு அடியில் கிண்ணம் நகர்ந்து வந்தது.

துரை நடுங்கியது. பின்னால் போனது. தகரச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அழுதது.

"பார்த்தீங்களாம்மா?" என்றான் வலைக்காரன். "தண்ணின்னாலே எப்படிப் பதறுதுன்னு. சந்தேகமே வேணாம், வெறிதான். நல்ல காரியம் பண்ணினீங்க."

டீச்சரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைத் துரை பார்த்தது. அதைப் பார்த்ததுதான் வலையைவிட வலித்தது.

எஞ்சின் இன்னும் கிளம்பவில்லை. தெரு ஒரு கணம் அமைதியானது.

டொக். டொக்.

அது தடியின் சத்தம் இல்லை. தடி தரையைத் தொடவே இல்லை. சத்தம் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது. இரும்பு மூடிக்கு அடியிலிருந்து. தண்ணீருக்குள்ளிருந்து. இரண்டு தட்டு. நிறுத்தி, மறுபடியும் இரண்டு.

இரண்டு நாளைக்கு முன்னால் செத்த வாசனை வருகிறது. தட்டுவது யார்?

துரை கம்பியில் மோதியது. குரைத்தது. டீச்சரம்மாவும் சடாரென்று திரும்பினாள். கேட்டுவிட்டாள்! அவளுக்கும் கேட்டுவிட்டது. நெற்றி சுருங்க, மூடியைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அந்த ஆள் சிரித்துக்கொண்டே தடியால் தரையில் தட்டினான். டொக், டொக்.

"நான்தாம்மா" என்றான். பிறகு வண்டியைப் பார்த்து, அவருடைய குரலில், அச்சு அசலாக: "துரை, டூட்டி."

"அடச்சே, ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன் அண்ணே" என்று டீச்சரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வண்டி குலுங்கிக் கிளம்பியது. கம்பிக்கு அப்பால், வெயிலில் அவள் சிறிதாகிக்கொண்டே போனாள். பக்கத்தில் வந்து நின்ற மகளின் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அண்ணாந்து, தாகம் தீரக் குடித்துக்கொண்டிருந்தாள்.