மிதி, பிடி, விடு

நேற்றுச் சாயங்காலம் கெட்டியாக நின்ற பிரேக் பெடல் இன்று காலையில் மெத்தென்று தரைவரை இறங்கியது. ராத்திரி முழுக்க வண்டி ஷெட்டைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அவள் கணவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாலு சக்கரங்களுக்குப் பின்னாலும் டார்ச் அடித்துத் தேடிவிட்டான். எங்கும் கசிவில்லை, அடியில் விரித்திருந்த வெள்ளை அட்டையில் ஒரு சொட்டுக் கறையில்லை, டப்பாவில் பிரேக் ஆயில் போட்ட அளவிலேயே நின்றது. ஆனாலும் குழாய்க்குள் எங்கிருந்தோ காற்று புகுந்திருந்தது. இது ஐந்தாவது வாரம்.

இருபத்தெட்டு வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, இரண்டே இரண்டு சீட்டு. கல்லூரி நாளில் விடுதிச் சுவரில் படம் ஒட்டிவைத்து ஏங்கிய வண்டியாம், நாற்பது வயதில் ஒற்றைக் காலில் நின்று வாங்கிவிட்டான். வாங்கப் போன அன்றே அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டியா? யாரை விட்டுட்டுப் போறதா உத்தேசம்?"

கணவன் சிரித்தான். விற்ற பெரியவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. தனியாள். பெரிய வீடு, நாலு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேஜை, அதில் மூன்று நாற்காலிகளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். வண்டியின் பெடல் அன்றைக்குக் கருங்கல்லாக நின்றது. "ஆறு வருஷமா ஒரு தடவைகூட இறங்கல தம்பி," என்று சாவியை நீட்டியவர், அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

இங்கே வந்த மூன்றாம் நாள் பெடல் இறங்கத் தொடங்கியது.

பிரேக் குழாயில் காற்றெடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நட்டைத் திறக்க வேண்டும். நட்டில் மாட்டிய பிளாஸ்டிக் குழாய் வழியாக ஆயிலும் காற்றும் பாட்டிலுக்குள் குமிழ்விட்டு இறங்கும். நட்டை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்தால், திறந்த வழியாக வெளியே இருக்கும் காற்றைப் பெடல் உறிஞ்சிவிடும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல்தான் எல்லாமே. அவன் அடியிலிருந்து கத்துவான்: "மிதி… பிடி… விடு." அவள் மிதிப்பாள், பிடிப்பாள், விடுவாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவன் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஷெட்டில் மட்டும்தான்.

ஆறு வயது வாலு கதவோரம் நின்று கெஞ்சுவாள். "அப்பா, நான் மிதிக்கிறேன்பா!" வாலு என்பது வீட்டில் வைத்த பெயர், சேட்டைக்கு அதுதான் பொருத்தம். நடந்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும் ஷூவைத் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டாள். "உனக்குக் கால் எட்டாதுடி," என்பான் அப்பன்.

வாலுவுக்கு மூச்சிரைப்பு உண்டு. மருந்தை உறிஞ்ச வைக்கும்போது அவளும் மகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள்: இழு, பிடி, விடு. இரண்டு வருஷமாகக் கட்டுக்குள் இருந்த இரைப்பு, வண்டி வந்த பிறகு திரும்பி வந்தது. முதல் ஞாயிறு லேசான இருமல். இரண்டாவது ஞாயிறு நெஞ்சுக்குள் விசிலடிக்கும் சத்தம். மூன்றாவது ஞாயிறு, பாட்டிலில் பெரிய பெரிய குமிழாக வந்தபோது, வாலு கதவோரத்திலேயே சுருண்டு உட்கார்ந்து உதடு நீலம் பாரித்துப்போனாள். நட்டை மூடியதும் மூச்சு வந்தது.

"பெட்ரோல் வாடை ஒத்துக்கல. உள்ளே கூட்டிட்டுப் போ," என்றான் அவன், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி. "பார்றி, எவ்ளோ காத்து வந்திருக்கு!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவள் மன்னிக்கவே இல்லை.

மெக்கானிக்கிடம் விட்டார்கள். அவர் குழாய், ரப்பர், பம்ப் எல்லாவற்றையும் மாற்றி, நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, நேற்றுச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தார். "என் ஷெட்ல பெடல் இறங்கவே இல்ல மேடம். வண்டியில ஒரு ஓட்டையும் இல்ல. உங்க வீட்ல இருந்துதான் எங்கேயோ காத்து வருது," என்று சொல்லிச் சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இன்று காலையில் பெடல் மறுபடி இறங்கியதும், மதியம் அவள் கணவனுக்குத் தெரியாமல் பெரியவருக்குப் போன் செய்தாள்.

"பெடல் கெட்டியாயிடுச்சாம்மா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"இல்லைங்க. வாராவாரம் இறங்குது."

"அப்போ வீட்ல எல்லாரும் இருக்காங்க." நல்ல சேதி கேட்டவர் பேசுவதுபோல் இருந்தது. "எங்க வீட்லயும் இறங்கிட்டுதாம்மா இருந்துச்சு. நாங்க நாலு பேர். சின்னவன் போனதுக்கப்புறம்தான் கல்லா நின்னுச்சு."

"நீங்க மட்டும் எப்படி…"

"நான் மிதிக்கிறவன்மா," என்றார் பெரியவர். "மிதிக்கிறவங்களை அது ஒண்ணும் பண்ணாது."

போனை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்தது சண்டையல்ல, போர். வண்டியைத் தூக்கி எறி என்றாள். உனக்குப் பைத்தியம் என்றான். கடைசியில் அவனே இறங்கி வந்தான்: "சரி, வித்துடறேன். ஆனா பிரேக் இல்லாத வண்டியை எவன் தொடுவான்? மூணு சக்கரம் காலையிலேயே முடிச்சிட்டேன், முன்பக்கம் இடது மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு தடவை மிதிச்சுக் கொடு. நாளைக்கே போயிடும்."

தனியாக மூன்று சக்கரம் எப்படி முடித்தாய், யார் மிதித்தார்கள் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாளைக்கே போயிடும் என்ற ஒரு வார்த்தையில் மயங்கிவிட்டாள், பாவி. வாலுவைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். அரை மணி நேரப் பயணம், நடுவில் ஒரு பாலம், இரண்டு சிக்னல். அவ்வளவு தூரம் எந்தக் குழாய் நீளும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் படபடவென்று விரிந்துகொண்டிருந்தது. வண்டியை ஜாக்கி வைத்து உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தான். பழைய தோல் சீட்டின் புளித்த வாடையும், ஆயிலின் மீன் வாடையும், கூடவே இதுவரை அங்கே இல்லாத ஒரு வாடையும், குழந்தைகளின் இருமல் மருந்தின் இனிப்பு வாடை, சேர்ந்து மூக்கில் ஏறின. அவள் உட்கார்ந்தாள். திறந்திருந்த இடது பக்கக் கதவு வழியாகக் குனிந்து பார்த்தால் அவன் முழங்காலும், பாதங்களும், ரப்பர் செருப்பும் தெரிந்தன. போனில் அக்காவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

"வாலு என்ன பண்றாக்கா?"

"ரகளை பண்றா. சோபாவுக்கும் கட்டிலுக்கும் தாவறா உன் பொண்ணு."

தூரத்தில் வாலுவின் சிரிப்பு கேட்டது. அவள் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

"மிதி," என்றான் அவன்.

மிதித்தாள். பெடல் மெத்தென்று போனது.

"பிடி."

நட்டு திறக்கும் கிறீச். பாட்டிலுக்குள் குமிழ் உடையும் சத்தம். களக். களக். களக்.

போனில் சிரிப்பு நின்றது. ஒரு இருமல். இன்னொன்று.

"விடு."

விட்டாள். அக்கா குரல்: "ஓடி ஓடித் தொண்டை காஞ்சிருக்கும். தண்ணி கொடுக்கறேன்."

"ஏங்க, போதும்."

"வாயை மூடிட்டு மிதி. இப்பதான் வருது!"

மிதித்தாள். கால் அந்தக் குரலுக்குப் பழகியிருந்தது.

"பிடி."

களக். களக்.

"அடியேய்!" அக்கா கத்தினாள். "இவ மூச்சு விடமாட்டேங்கறா! மருந்து எங்கடி வெச்சே? உதடெல்லாம்…"

"ஏங்க! நட்டை மூடுங்க!"

"பிடி! விட்டுடாதே!"

"குழந்தைக்கு மூச்சு வரல! மூடுங்க!"

"இன்னும் கொஞ்சம்தான். பிடி."

அந்த "பிடி" வலது பக்கத்திலிருந்து வந்தது. அவன் இடது பக்கத்தில் படுத்திருந்தான்.

அவள் காலை எடுத்தாள்.

நட்டு திறந்தே இருந்தது. பெடல் விசையோடு மேலே வந்தது, வரும்போது அடியில் நீளமாக ஓர் உறிஞ்சல், கடைசிச் சொட்டை ஸ்ட்ராவில் இழுப்பதுபோல். ரப்பர் செருப்பு இரண்டு தடவை தரையில் அடித்தது. அப்புறம் அடிக்கவில்லை.

"வந்துடுச்சு!" அக்கா அழுதாள். "மூச்சு வந்துடுச்சுடி. அழறா. பரவாயில்ல, அழட்டும்."

"ஏங்க," என்றாள் இவள். குனிந்தாள். பாதங்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. "ஏங்க."

"மிதி," என்றது அவன் குரல்.

பாதம் அசையவில்லை.

அவள் மிதிக்கவில்லை. இரண்டு கால்களையும் சீட்டுக்குமேல் மடக்கிக்கொண்டாள். பெடல் தானாக இறங்கியது. யாரும் தொடாமல். மெதுவாக. ஒரு விரல்கடை. இரண்டு விரல்கடை. போனில் இருமல்.

அவள் யோசிக்கவில்லை. சீட்டிலிருந்து சரிந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, மல்லாந்து படுத்து, இரண்டு கைகளாலும் பெடலுக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள். நின்றது. இருமலும் நின்றது. கொஞ்சம் தளர்ந்தால் இறங்கியது. இறங்கினால் இருமியது. தள்ளினாள். நின்றது.

"அக்கா," என்றாள். "போலீஸ். ஆம்புலன்ஸ். யாரையாவது…" குரலே எழும்பவில்லை. நெஞ்சில் இருந்ததெல்லாம் கைக்கே போய்க்கொண்டிருந்தது.

"என்னடி முனகறே? சரி, நாங்க கிளம்பிட்டோம்."

"எங்கே?"

"உன் வீட்டுக்குத்தான். இப்பதானே உன் வீட்டுக்காரர் என் இன்னொரு நம்பருக்குப் பேசினார். பிரேக் சரியாயிடுச்சு, குழந்தையைக் கூட்டிட்டு வாங்கன்னார். கேட்டதும் இவ முகத்தைப் பார்க்கணுமே, வாயெல்லாம் பல்!"

போன் அணைந்தது.

அரை மணி நேரம். ஒரு பாலம், இரண்டு சிக்னல். மணிக்கட்டு மரத்தது. அப்புறம் முழங்கை. அடியிலிருந்து அவன் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. மிதி. பிடி. மிதி. பிடி. ஒருமுறை அதே குரலோடு இன்னும் மூன்று குரல்கள் சேர்ந்து சொல்லின. அதில் ஒன்று சின்னப் பையன்.

கேட் திறந்தது. தெருவில் அக்கா ஆட்டோக்காரரிடம் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா!" ஷெட் வாசலில் வாலு. "அப்பா, தூங்கறியா?"

"உள்ளே ஏறி உட்காருடி செல்லம்," என்றது அவன் குரல்.

போ. ஓடிப் போ. வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை.

சீட்டு அமுங்கியது. இருட்டில் இரண்டு சிவப்பு வெளிச்சங்கள் இறங்கி வந்தன.

"அம்மா! கீழே என்ன பண்றே? ஒளிஞ்சு விளையாடறியா?"

"மிதி," என்றது குரல்.

"எனக்குத்தான் எட்டாதே."

"எட்டும். அம்மா கைமேல மிதி."

குட்டி ஷூ விரல்முட்டிகள்மேல் ஏறியது. கனமே இல்லை. ஆனால் பெடல் அழுத்தியது. மேலே மூச்சுச் சத்தம் கேட்டது, வாலுவின் மூச்சு. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். விசில் இல்லை. இரைப்பில்லை. பிறந்ததிலிருந்து இவ்வளவு சுத்தமாக அந்தக் குழந்தை மூச்சு விட்டதில்லை.

மிதிக்கிறவங்களை அது ஒண்ணும் பண்ணாது.

அவளுக்குப் புரிந்தது. கைகளை அவளே எடுத்துக்கொண்டாள். குட்டி ஷூ பெடல்மேல் பதிந்தது.

பெடல் அவள் முகத்தருகே இறங்கியது. நெஞ்சு ஒட்டிக்கொண்டு உள்ளே போனது. மூச்சை இழுத்தாள். வரவில்லை. இழுத்தாள்.

"பிடி," என்றன குரல்கள் எல்லாம். அவனுடையதும்.

"பிடிச்சிருக்கேன்பா!"

பாதி வழியில் பெடல் நின்றது. கல்லாக. வாலு இரண்டு காலாலும் ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். அசையவில்லை. குதிக்கக் குதிக்கக் குதிகால் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது, சிவப்பு, இருட்டு, சிவப்பு.

"அம்மா, சரியாயிடுச்சு! நான்தான் சரி பண்ணேன்! பாரேன் அம்மா!"

அவள் கண் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுடவா அம்மா? அம்மா, நீ சொன்னாத்தான் விடுவேன்."