பார்க்கிற தீபங்கள்

கரண்ட் போய் வெகு நேரமாகியும் எதிர்ச்சுவரில் இருந்த அந்த வெளிச்சம் மட்டும் போகவில்லை.

ஐப்பசி மழை மத்தியானத்திலிருந்தே சமாதானபுரத்தின் மேல் விடாமல் பெய்துகொண்டிருந்ததால், சாயங்காலம் ஆகுமுன்பே வீடு இருண்டு கிடந்தது. கட்டிலில் மல்லாந்து கிடந்த எஸ்றா, வெளியே தகரத்தில் சொட்டுகிற தண்ணீரையும், அடுப்படியில் மனைவி பெர்சிஸ் கருப்பட்டி தட்டுகிற சத்தத்தையும், நனைந்த சுவரின் சுண்ணாம்பு வாடையையும், தன் கால்களில் தேய்த்திருந்த தைலத்தின் நெடியையும் உணர்ந்தபடி, தீக்குச்சி முனையளவு நின்ற அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வந்த ஒளி இல்லை. திரை ஆடியபோது அது ஆடவில்லை. தன்னைச் சுற்றியிருந்த சுவரைக்கூட அது வெளிச்சமாக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அதன் பக்கத்தில் இன்னொன்று வந்தது.

பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பக்கவாதம் வந்து கையும் காலும் போயின, நாக்கும் போனது. இமைகள் மட்டும் மிச்சம். ஒரு தரம் மூடினால் ஆமாம், இரண்டு தரம் மூடினால் இல்லை. பெர்சிஸ் பழக்கிவிட்ட பாஷை அது. அதைக்கொண்டுதான் அவர் தண்ணீர் கேட்டார், புரட்டிப் போடச் சொன்னார், இன்னும் ஒரு மனுஷனாக இருந்தார்.

மூன்று. நான்கு. ஏழு வந்ததும் நின்றுவிட்டது.

அவருக்கு அந்த எண் தெரியும். வேதத்தில், தேவனுடைய சிங்காசனத்துக்கு முன்னால் எரிகிற ஏழு தீபங்கள். அவை தேவனுடைய ஏழு ஆவிகள். பூமியெங்கும் போய்ப் பார்த்துவருகிற ஏழு கண்களும் அவையே. எத்தனை கூட்டங்களில் பிரசங்கித்திருக்கிறார். ஏழு என்றால் பூரணம், ஆவியானவர் ஒருவரே, தீபமும் கண்ணும் வெறும் அடையாளங்கள், யாரும் பயப்பட வேண்டாம் என்று. ஏரலில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜெபகனி டீச்சர் எழுந்து கேட்டாள்.

“அடையாளம்னு சொல்லுதிய, சரி அய்யா. எதுக்கு அடையாளமோ, அது எங்கன இருக்கு?”

என்ன பதில் சொன்னார் என்று இப்போது ஞாபகம் வரவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. சுவரில் இருந்தவை எரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தன. பூமி முழுவதும் சுற்ற வேண்டியவை, இந்த அறையில் ஏன் நிற்கின்றன?

அவை தேவனிடமிருந்து வந்தவைதானா? எந்த ஆவியையும் நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. யார் நீ என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு நாக்கு வேண்டும்.

பெர்சிஸ் சார்ஜர் லைட்டும் காப்பியுமாக வந்தாள். லைட்டைச் சுவர்ப் பக்கம் வைத்தாள். பொட்டுகள் மங்கவில்லை. அவற்றுக்கு நேர் எதிரே நின்று, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியவில்லை.

“என்ன அப்பிடிப் பாக்கிய? எதும் பயமா இருக்கா?”

ஆமாம் என்று இமையை ஒரு தரம் மூடினார். திறந்தார். அவர் திறந்த இமை, அவர் சொல்லாமலே மறுபடி மூடியது.

“இல்லையா. சரி, பைய குடிங்க.”

கரண்டியில் ஊட்டிய காப்பி கடைவாயில் வழிந்தது. எஸ்றா மறுபடி முயன்றார். இமைகள் அசையவில்லை. யாரோ விரல் வைத்து அவற்றைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. சூடான விரல்.

மழை குறைந்ததும் பக்கத்து வீட்டுப் பிரிஸில்லா குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். வாரந்தோறும் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறவள்.

“அசதியா இருந்தா அவளை நாளைக்கு வரச் சொல்லுதேன்,” என்றாள் பெர்சிஸ். “இல்ல, இப்பவே ஜெபம் பண்ணட்டுமா?”

இரண்டு தரம். கர்த்தாவே, இரண்டு தரம் மட்டும். இவளையும் கூட்டிக்கொண்டு வெளியே போ பெர்சிஸ்.

இமைகள் நிதானமாக ஒரு தரம் மூடித் திறந்தன.

இருவரும் கட்டிலோரம் முழங்கால் படியிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்கள். பிரிஸில்லாவின் குரல் உயர்ந்தது. பொட்டுகள் சுவரைவிட்டுக் கிளம்பின. பறக்கவில்லை, ஒரு இடத்தில் இல்லாமல் போய், இன்னொரு இடத்தில் இருந்தன. ஃபேன் இறக்கையில். திரைக் கம்பியில். கொசுவலைக் கயிற்றில். குனிந்திருந்த பெர்சிஸின் உச்சி வகிட்டுக்கு மேல் ஒன்று நின்று, வெகு நேரம் பார்த்தது. எஸ்றா கத்தினார். தொண்டையிலிருந்து கொழகொழவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

பிரிஸில்லா ஜெபத்தை நிறுத்தி அவரைப் பார்த்தாள். “அக்கா, அய்யா அழுதாக. ஆவியானவர் இங்கன இறங்கியிருக்காரு. எனக்கே ஒடம்பு சிலுக்குது.”

“ஸ்தோத்திரம்,” என்றாள் பெர்சிஸ். அவளும் அழுதாள். சந்தோஷமாக அழுதாள்.

கட்டில் காலில் ஒன்று. தலையணையில் ஒன்று.

அணைந்தது.

நெற்றியில் ஏதோ சுட்டது. ஆறாத புண்ணின் பொருக்கு விரிவதுபோல், தோல் மெதுவாகப் பிளந்தது. வலி இல்லை. அடுத்தது அணைந்தது. கன்னம். அடுத்தது. தொண்டைக்குழி. எல்லாம் அணைந்தன. அறையில் இப்போது ஒரு பொட்டும் இல்லை.

கரண்ட் வந்தது. ட்யூப்லைட் இரண்டு முறை துடித்து எரிந்தது.

பிரிஸில்லா சொல்லிக்கொண்டு கிளம்பினாள். பெர்சிஸ் துண்டு எடுக்க பீரோவைத் திறந்தாள்; கதவு தானாக விரிந்து, அதிலிருந்த கண்ணாடி கட்டிலைப் பார்த்து நின்றது.

எஸ்றாவுக்குத் தன் முகம் தெரிந்தது.

நெற்றியில் இரண்டு. கன்னங்களில் இரண்டு. தொண்டைக்குழியில் ஒன்று. அவருடைய இரண்டையும் சேர்த்து ஏழு. அந்த இரண்டும்கூட அவருடையவை போலில்லை. ஏழும் ஈரமாக, விழித்து, ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

பெர்சிஸ் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி, அவர் நெற்றியைத் துடைத்தாள். கன்னத்தை. கழுத்தை. துண்டு படுகிற இடத்தில் அவை மூடின. துண்டு கடந்ததும் திறந்தன. இமைக்காமல், ஏழும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.