ஓடுது – 9.55

காலை 11.10. கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் கடைக் கதவைத் தள்ளினாள். அடுத்த நொடி அவள் போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் மெக்கானிக் தன் வேலை மேசைக்கு அடியில் கிடந்தார். மண்டை பிளந்திருந்தது. நாலு அடி. முதல் அடியிலேயே ஆள் சாய்ந்திருப்பார். மிச்ச மூன்றும் வெறி. பக்கத்தில் ஒரு பவர் சப்ளை பெட்டி கிடந்தது. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற இரும்புப் பெட்டி, செங்கல் கனம். அதன் மூலையில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு விசிறியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. திரை கருப்பு.

11.40க்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். 12.15க்கெல்லாம் கொலைகாரன் கிடைத்துவிட்டான். அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

பிடிபட்டவன் செத்தவரின் மச்சினன். அந்தப் பெண்ணின் கூடப்பிறந்த தம்பி.

"பத்தே முக்காலுக்கு ஓடினான் மேடம்," என்றார் எதிர்க்கடை தையல்காரர். "சட்டையெல்லாம் ரத்தம். கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல."

போதாக்குறைக்கு, போன வாரம்தான் இதே வாசலில் மச்சானின் கழுத்தைப் பிடித்து, "உன்னைப் பொதைச்சிடுவேன்" என்று கத்தியிருக்கிறான். ஒழுங்கா ஒரு வேலைக்குப் போடா என்று அவர் சொன்னதற்கு! இப்படிப்பட்ட ஒருவன் கையில் கிடைத்தால் கான்ஸ்டபிள் சும்மா இருப்பாரா? ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நுழைவதற்குள் பையனின் உதடு கிழிந்து, ஒரு பல் தரையில் கிடந்தது.

"லத்தியைக் கீழ போடுய்யா." இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எதுக்குடா போனே?"

"மன்னிப்புக் கேக்க."

"எந்த வழியா?"

"முன் வாசல். அவரு கீழ கிடந்தாரு. தலையைத் தூக்கினேன். கையெல்லாம் ரத்தம். ஓடிட்டேன்."

"நம்பச் சொல்றியா?"

"நம்பாட்டி போங்க."

வெளியே பெஞ்சில் அக்கா. காலையிலிருந்து அழுது குரலே போயிருந்தது. "புருஷன் போயிட்டாரு. இவனையும் கொண்டுபோய்த் தூக்குல போட்டுட்டா எனக்குன்னு யார் மேடம் இருக்கா? அவன் முரடன்தான். கொலைகாரன் இல்ல."

எல்லா அக்காவும் இதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் இன்ஸ்பெக்டர் அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கடைக்குத் திரும்பினார். இந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் கிறுக்கு உண்டு. சொந்தக் கம்ப்யூட்டரையே நாலு தடவை கொன்று, நாலு தடவை பிழைக்கவைத்தவர். அந்தக் கருப்புத் திரை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

மதியம் 2.05. கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. மெக்கானிக்கின் கையெழுத்து: "ஓடுது – 9.55".

"இது என்னம்மா?"

"அவரு வழக்கம் மேடம். மெஷின் கண்ணு முன்னால ஓடினாத்தான் சீட்டு ஒட்டுவாரு. செத்தாலும் பொய்ச்சீட்டு..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலை நோட்டும் மேசையிலேயே இருந்தது. "வரும்போது கருப்புத் திரை. புது ஃபர்ம்வேர், அதோட ஓவர்கிளாக். 9.30, பழைய ஃபர்ம்வேர் ஏத்தியாச்சு. செட்டிங் எல்லாம் அழிஞ்சாச்சு. 9.55, கம்பெனி வேகத்துல ஓடுது."

ஓவர்கிளாக் என்றால், கம்பெனி வைத்த வேகம் போதாதென்று கம்ப்யூட்டரை அதற்கு மேலே விரட்டுவது. ஃபர்ம்வேர் என்பது பட்டனை அமுக்கியதும் அதைத் தட்டி எழுப்புகிற உள் புரோகிராம். விரட்டலும் அந்தப் புரோகிராமும் ஒத்துப்போகாவிட்டால் விசிறி மட்டும் சுற்றும், திரை வராது.

"ஒன்பதே ஐம்பத்தஞ்சுக்கு ஓடினது, இப்ப ஏன்யா ஓடல?"

"அடிதடியில விழுந்து உடைஞ்சிருக்கும் மேடம்," என்றார் கான்ஸ்டபிள்.

"மேசையைவிட்டு நகரவே இல்ல. ஒரு கீறல் இருக்கா பாரு."

2.30. வாசலில் ஒருவன் வந்து நின்றான். கம்ப்யூட்டரின் சொந்தக்காரன். யார் கம்ப்யூட்டரை அதிகம் விரட்டுவது என்று போட்டி போடுகிறவர்கள் நடுவில் அவன் பெயர் ராக்கெட். காலையில் கான்ஸ்டபிள் போனில் கேட்டபோது, எட்டே முக்காலுக்கு மெஷினைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்ததாகவும், அப்புறம் கடைப் பக்கமே வரவில்லை என்றும் சொல்லியிருந்தான்.

"மேடம், நாலு மணிக்குப் போட்டி. மெஷினைக் குடுத்துட்டீங்கன்னா..."

"ஓடலையேப்பா."

"அது சப்ப மேட்டர். உள்ள காசு சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும். கழட்டி மாட்டினா சரியாயிடும்."

உதவி செய்கிற நினைப்பில் கான்ஸ்டபிள் கையை உள்ளே விட்டார்.

"கையை எடுய்யா!" இன்ஸ்பெக்டர் போட்ட அதட்டலில் கான்ஸ்டபிள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

உடனே குரலை இறக்கி, ராக்கெட்டைப் பார்த்துச் சிரித்தார். "இதை எவ்வளவு வேகத்துல ஓட்டின? அஞ்சு புள்ளி ரெண்டு கிகாஹெர்ட்ஸுன்னு யாரோ சொன்னாங்க."

"ரெண்டா? எவன் சொன்னான்? அஞ்சு புள்ளி ஆறு மேடம்!"

"சும்மா அளக்காத. எழுதிக் காட்டு பாப்போம்."

எழுதினான். வேகம், வோல்டேஜ், மெமரியின் அளவுகள் என்று கடகடவென்று பதினோரு எண்கள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. ரெண்டு வருஷ உழைப்பு. எழுதிக்கூட வச்சதில்ல."

"மெக்கானிக்கிட்ட சொன்னியா?"

"அவருக்கு எதுக்கு? ரிப்பேர் பண்றதோட அவர் வேலை முடிஞ்சுது."

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கருப்பு. மறுபடியும் அணைத்துப் போட்டார். கருப்பு. மூன்றாம் முறை திரை வெளுத்தது. சில கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு இந்தக் குணம் உண்டு. விரட்டல் தாங்காமல் மூன்று தடவை விழுந்தால், அதுவே மெதுவான வேகத்தில் எழுந்து, "உன் செட்டிங்கைச் சரிபார்" என்று காட்டும். பேட்டரியைப் பிடுங்காதவரை, கடைசியாக ஏற்றிய எண்கள் அப்படியே இருக்கும்.

பதினோரு எண்கள். இன்ஸ்பெக்டர் ராக்கெட் எழுதிய காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. கான்ஸ்டபிள் போட்டோ எடுத்தார்.

"அது... அது என் மெஷின். என் நம்பர் இருக்கத்தானே செய்யும்?"

"காலையில நீ கொண்டுவந்தப்ப இருந்துது. ஒன்பதரைக்கு அவர் ஃபர்ம்வேரை மாத்தினதும் எல்லாம் அழிஞ்சுபோச்சு. ஒன்பதே ஐம்பத்தஞ்சுக்குக் கம்பெனி வேகத்துல ஓடி, சீட்டும் ஒட்டியாச்சு. நாங்க எல்லாரும் அதே பழைய ரிப்பேர்னு நினைச்சு ஏமாந்தோம். இது புது ரிப்பேர்டா. சீட்டு ஒட்டினதுக்கு அப்புறம் இந்த எண்ணை எவனோ திரும்ப ஏத்தியிருக்கான். உங்கம்மாவுக்கே தெரியாத எண்ணை உன்னைத் தவிர எவன் ஏத்துவான்? அதைத் துடைக்கத்தானே பேட்டரியைப் பிடுங்கச் சொன்னே? நீதான்டா அவரை அடிச்சுக் கொன்னவன்."

ராக்கெட் மேசையிலிருந்த திருப்புளியை அள்ளிக்கொண்டு நேராக அவர் கழுத்துக்குப் பாய்ந்தான். இன்ஸ்பெக்டர் விலகினார். அவன் மணிக்கட்டைப் பிடித்து மேசை விளிம்பில் ஓங்கி அறைந்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"பின்சந்து வழியா வந்தேன்," தரையில் கிடந்தபடியே அலறினான். "எல்லாத்தையும் அழிச்சு வச்சிருந்தான். திரும்ப ஏத்தினேன். கருப்பாப் போச்சு. சிரிச்சான் மேடம்! 'உன் நம்பர்தான் தம்பி நோயே, ரெண்டு படி குறைச்சுக்கோ'ன்னு சிரிச்சான்! திரும்பி நின்னான். பெட்டி கையில கிடைச்சுது."

இதற்காகவா ஒரு மனுஷனை அடித்துக் கொல்வார்கள்? கொன்றிருக்கிறானே பாவி.

மாலை 4.10. இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே லாக்கப்பைத் திறந்தார். அக்கா உள்ளே ஓடித் தம்பியைக் கட்டிக்கொண்டாள். கிழிந்த உதட்டைத் துடைத்துவிட்டாள்.

"அழாதடா. எல்லாம் தெரிஞ்சுபோச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

அவன் அசையவில்லை.

"என்னடா?"

"அக்கா... மூச்சு இருந்துச்சுக்கா."

"யாருக்கு?"

"மச்சானுக்கு. தலையைத் தூக்கினேன்ல, கண்ணைத் திறந்தாரு. என் கையைக் கெட்டியாப் பிடிச்சாரு. போன வாரம் நான் கத்தினதை ஊரே கேட்டுச்சு, பழி என்மேலதான் விழும்னு பயந்துட்டேன். கையை உதறிட்டு ஓடிட்டேன்க்கா."

பத்தே முக்காலுக்கு அவன் ஓடினான். அவள் கதவைத் தள்ளியபோது மணி பதினொன்று பத்து. ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை இன்ஸ்பெக்டர் மனசுக்குள் போட்டார். அவளும் போட்டாள்.

தம்பியின் தோளிலிருந்த கையை எடுத்தாள். அவனைப் பார்க்காமலே வெளியே வந்தாள்.

"அவர் உடம்பை எப்ப மேடம் குடுப்பீங்க?"

"நாளைக்குக் காலையில. வாங்கிக்க யார் யாரும்மா வருவீங்க?"

"நான் மட்டும்தான்."