இன்னும் இருக்கிறதா?

கால்வாய் ரோட்டில் கேமரா கிடையாது. விளக்குக் கம்பமே இல்லாத ரோட்டில் கேமராவை எதில் கொண்டுபோய் மாட்டுவார்கள்? ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் மூடிப்போன கிடங்குகளின் நீளச் சுவர், கடைசியில் அவன் வீடு. அதற்கு அப்பால் ரோடும் இல்லை. இருந்தும் அன்று சாயங்காலம், மழை பிடித்து இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், வேனின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ் மணியடித்துவிட்டு வழக்கமான பெண் குரலில் சொன்னது: "முன்னால் வேகக் கேமரா. ஐந்நூறு மீட்டர்."

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. யோசிக்கிற தெம்பு அவனுக்கு இல்லை. காலையிலிருந்து கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கி, ரத்தக் குப்பிகளை வாங்கி ஐஸ் பெட்டியில் அடுக்கி, கெட்டுப்போவதற்குள் லேபில் சேர்த்துவிட்டு வருகிற டிரைவர் அவன். மெதுவாகப் போனால் ரத்தம் வீணாகிவிட்டது என்று லேபில் திட்டு. வேகமாகப் போனால் கேமராவில் படம். இன்னொரு முறை மாட்டினால் லைசென்ஸ் ரத்து என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் போனால் வேலை போகும். வீட்டில் மனைவியும் இப்போதுதான் நடை பழகும் குழந்தையும் இருக்கிறார்கள். அதற்குமேல் யோசிக்க அவனுக்குப் பயம்.

அதனால்தான் இந்த எச்சரிக்கையை ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டான். ஏற்றிக் கொடுத்தவன் மச்சினன். கேமரா இருக்கும் இடங்களை டிரைவர்களே குறித்து வைப்பார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அது முன்கூட்டியே குரல் கொடுக்கும். குறித்த இடத்தைத் தாண்டியதும் திரையில் ஒரு கேள்வி வரும்: இன்னும் இருக்கிறதா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். 'இல்லை'யைத் தொட்டால் தொலைந்தது. வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், பின்னால் திரும்பிப் பாருங்கள், நிச்சயமாகத் தெரியுமா என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடும். 'ஆம்' என்றால் ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அலுத்துக் களைத்து வீடு போகிறவன் எதைத் தொடுவான்? அன்றும் கேள்வி வந்ததும், அவன் ரோட்டில் ஒன்றையும் காணாமலே கட்டைவிரலை நீட்டி 'ஆம்' என்றான்.

"உறுதிப்படுத்தியதற்கு நன்றி."

வேனுக்குள் ஒரு வாசனை வந்தது. ரொம்ப நாள் போடாத குண்டு பல்பைப் போட்டால் அதன்மேல் படிந்த தூசி கருகுமே, அந்த வாசனை. ஒயர் ஏதாவது சூடாகியிருக்கும் என்று ஜன்னலை இறக்கிவிட்டு, மழை முகத்தில் அடிக்க அடிக்க வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் எச்சரிக்கை பழைய பாலத்தைத் தாண்டி வந்தது, வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டத்தில். 'ஆம்'. அதற்கு மறுநாள் துருப்பிடித்த கிடங்குக் கதவருகே, இன்னும் கிட்டத்தில். அன்று 'ஆம்' என்று தொட்டுவிட்டுப் பின்பக்கக் கண்ணாடியைத் தற்செயலாகப் பார்த்தான். பிரேக் விளக்கின் சிவப்பில் நனைந்த சுவர் தெரிந்தது. சுவரை ஒட்டி மெல்லிசாக, நெட்டுக்குத்தாக ஒன்று நின்றது. கம்பம் மாதிரி. மேல்நுனி மட்டும் ரோட்டைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்திருந்தது. பரவாயில்லையே, நிஜமாகவே நட்டுவிட்டார்கள், நல்லவேளை வேகத்தைக் குறைத்தேன் என்று பெருமூச்சு விட்டான். காலையில் வெளிச்சத்தில் அதே இடத்தைக் கடந்தபோது அங்கே கம்பம் இல்லை. பிடுங்கிய குழிகூட இல்லை.

வாரக் கடைசியில் மச்சினன் வந்தான். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு போனை நீட்டினான். குழந்தை உடனே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இருக்கிற நாலு பல்லையும் காட்டியது. யார் படம் எடுக்க வந்தாலும் அப்படித்தான். அதன் அம்மா பழக்கி வைத்திருக்கிறாள். படம் எடுத்து முடித்தபின் அவன் மச்சினனிடம் ஜிபிஎஸ்ஸைக் கொடுத்தான்.

மச்சினன் திரையை விரித்து விரித்துப் பார்த்தான். "என்ன மாமா இது? உங்க ரோடு பூரா தையல் போட்ட மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு."

"யாரு போட்டது?"

"முதல்ல போட்டது யாருன்னு காட்டல. ஆனா ஆம் போட்டது ஒரே ஆளுதான். நீங்கதான்." அவன் சிரித்தான். "இல்லாத கேமராவுக்கெல்லாம் நீங்களே சாட்சி சொல்லியிருக்கீங்க."

"எடுத்து விட்டுடேன்."

"இங்க உக்காந்து எடுக்க முடியாது மாமா. அந்த இடத்துல கேள்வி வரும்ல, அப்ப இல்லைன்னு போடுங்க. வண்டிய நிறுத்தி, திரும்பிப் பாத்துட்டு. ஒரே ஒரு தடவை. எல்லாம் போயிடும்."

ஒரே ஒரு தடவை. அதுகூட முடியாதா என்ன?

அடுத்த சாயங்காலம் வீட்டுக்கு முந்தைய வளைவில் குரல் வந்தது. சமையலறை ஜன்னலின் மஞ்சள் வெளிச்சம் அங்கிருந்தே தெரிந்தது. கேள்வி வந்தது. 'இல்லை'யைத் தொட்டான். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள் என்றது, நிறுத்தினான். எஞ்சினையும் அணைத்தான். கூரையில் மழை, கால்வாயில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும் சத்தம், காலிப் பெட்டிக்குள் கரைந்த ஐஸ் தளும்பி அடங்கும் சத்தம். பின்னால் திரும்பிப் பாருங்கள் என்றது திரை. அதன் கீழே மறுபடி அதே கேள்வி, அதே இரண்டு பொத்தான்கள்: இன்னும் இருக்கிறதா?

கருகிய தூசி வாசனை.

இந்தத் தடவை ஜன்னல் வழியாக வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து, ஐஸ் பெட்டி இருக்கும் இடத்திலிருந்து வந்தது. பிடரியில் லேசாகச் சூடு பட்டது. திரும்பு, திரும்பிப் பார், காலி ஐஸ் பெட்டியைத் தவிர அங்கே என்ன இருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கழுத்து கேட்கவில்லை. நாள் முழுக்க ஓட்டி ஓய்ந்த உடம்பு ஒரு சின்னக் குழந்தையைப் போல அடம்பிடித்தது. கட்டைவிரல் மட்டும் தன் பாட்டுக்கு எழுந்து, பழகிய இடத்துக்குப் போய், 'ஆம்' என்றது.

"உறுதிப்படுத்தியதற்கு நன்றி."

வேனை வீட்டு வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு ஓடினான். கதவைத் தாழிட்டுவிட்டுப் பார்த்தால் கையில் ஜிபிஎஸ். வண்டியில் விட்டால் கண்ணாடியை உடைத்துத் திருடிக்கொண்டு போவார்கள் என்று தினமும் கழற்றி எடுத்து வருவது கை வழக்கம். பாழாய்ப்போன கை.

சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் மனைவி குழந்தையை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் எதிர் நாற்காலியில் விழுந்தான். கூடமும் வாசல் கதவும் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

பதில் சொல்வதற்குள் மேஜைமேல் மணி அடித்தது. "வேகக் கேமரா. இருநூறு மீட்டர்."

வழக்கமாக முதலில் வரும் 'முன்னால்' என்ற சொல் இந்தத் தடவை இல்லை.

"வீட்டுக்குள்ள வந்துமா இது கத்தணும்? அணைச்சு வைங்க."

அணைக்கலாம். அணைத்தால் சத்தம் நிற்கும். வருவது நிற்குமா?

"நூறு மீட்டர்."

அவன் நகரவில்லை. நாற்காலி நகரவில்லை. வீடு நகரவில்லை.

"எனக்கு ஒரு உதவி பண்ணு," என்றான். "இப்ப இதுல ஒரு கேள்வி வரும். நீ எனக்குப் பின்னால நல்லாப் பாரு. ஒண்ணும் இருக்காது. பாத்துட்டு இல்லைன்னு போடு. என்னால திரும்பிப் பாக்க முடியல. சத்தியமா முடியல."

"இவ்வளவு ஓட்டினா மூளை குழம்பாம என்ன செய்யும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவன் கண்கள் கெஞ்சியதைப் பார்த்து, ஊட்டிய கையைத் துடைத்துவிட்டு ஜிபிஎஸ்ஸைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஐம்பது மீட்டர்."

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. கதவு திறந்தால் கேட்குமே, அப்படி. அவன் தாழிட்டிருந்தான். நிச்சயமாகத் தாழிட்டிருந்தான்.

"இருபது."

தூசி கருகியது. பிடரியில் சூடு. தோளில் சூடு.

மணி அடித்தது. கேள்வி வந்துவிட்டது.

"பாரு," என்றான். "பாத்துட்டுப் போடு."

அவள் தலை நிமிர்ந்து அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். முதலில் கதவின் உயரத்துக்கு. பிறகு அவள் கண்கள் மெதுவாக மேலே ஏறின. இன்னும் மேலே. கூரை வரைக்கும். அங்கிருந்து, எதுவோ குனிவதைப் பார்ப்பதுபோல், மறுபடி கீழே வந்து அவன் தலைக்கு அருகே நின்றன. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இல்லைன்னு போடு," என்று அவன் கெஞ்சினான். "இல்லைன்னு."

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். திரையைப் பார்க்காமலே விரல் நீண்டது. ஆம்.

"உறுதிப்படுத்தியதற்கு நன்றி."

அவள் மடியிலிருந்த குழந்தை அவன் தோளுக்குப் பின்னால் அண்ணாந்து பார்த்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. நாலு பல்லையும் காட்டி, அசையாமல் காத்திருந்தது.